கூச்சம்

குன்னூரில் காலை பதினொரு டிகிரி.
இந்தக் குளிரில் யாருக்கு வேர்க்கும் என்று கேட்கிறவர்கள்
பதினாறு அறைக்கு மெத்தை புரட்டியதில்லை.

புது மேனேஜர் வந்த வாரம்
ஆளுக்கொரு நீல டப்பா கொடுத்தார்.
'லிஃப்ட்ல கெஸ்ட்டும் வர்றாங்க, பாத்துக்கங்க' என்றார்,
யார் பெயரும் சொல்லாமல்,
பொதுவாக.
அன்று லிஃப்டில் போனது நான் மட்டும்.

குலுக்கு. கை தூக்கு. உஸ்.
முதல் நாள் ஐஸ் வைத்தது போல் இருந்தது.
விரிப்பை உதறும்போதெல்லாம்
படித்த பெண் யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி.
பிடித்திருந்தது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் அரிப்பு.
எட்டாம் நாள் கமக்கட்டு இரண்டும்
சுட்ட கத்தரிக்காய்த் தோல்.

காரணமும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.
லாண்டரி ரோசலின் கருவாடு என்றாள்;
பதினைந்து நாள் அதன் பக்கம் போகவில்லை.
கேத்தி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
கம்பளிப்பூச்சி என்றாள், சத்தியம் செய்யாத குறை.
மாமியார் கண்ணேறு என்றார்.
கமக்கட்டில் போய் யார் கண் வைப்பார்கள் என்று
நான் கேட்கவில்லை.
சோப்பை மாற்றினேன். மஞ்சளை நிறுத்தினேன்.
எரிய எரிய
நீல டப்பாவை மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அடித்தேன்,
புண் நாறிவிடுமோ என்று.

கையை உடம்பில் ஒட்டாமல் வைத்து நடந்ததில்
'யாரோட சண்டைக்குப் போற?' என்றான் தவநேசன்.
தலையணையை முழங்காலில் இடுக்கி
உறை போடக் கற்றுக்கொண்டேன்.

லாலி ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை.
டாக்டர் சின்னப் பெண், கடும் ஜலதோஷம் வேறு.
'கையத் தூக்குங்க.'
பிடிபட்ட திருடி போல் இரண்டையும் தூக்கினேன்.
என் புருஷனே வெளிச்சத்தில் பார்க்காத இடத்தை
யாரோ பெற்ற பெண் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.
'இங்க என்ன போடுறீங்க?'
'ஒண்ணும் போடல டாக்டர்.'
அவளுக்கு மூக்கடைப்பு. நான் தப்பித்தேன்.
அடைக்காத மூக்குக்கு
அந்த அறை முழுக்க நான்தான் மணந்துகொண்டிருந்தேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்த்
திரும்பி வந்து சொன்னேன்.
சீட்டைக் கேட்டு வாங்கி, முதலில் எழுதியதை அடித்தாள்.
'அதை நிறுத்திடுங்க. அதான் மருந்து.'
கூட ஒரு ரோஸ் நிற லோஷன்.

நிறுத்தினேன். நாலு நாள் ஆறியது.
ஐந்தாம் நாள் திரும்பவும் பிடித்துக்கொண்டது.
ஸ்வெட்டர்.
அந்தப் படித்த பெண்
கம்பளிக்குள் இன்னும் குடியிருந்தாள்.
மூன்று தண்ணீர் அலசிக் கொடியில் போட்டேன்.
ஐப்பசி மழையில் இந்த ஊரில் எது காய்ந்திருக்கிறது?
ஒரு வாரம்
மேகம் வந்து போட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
நான் தவநேசன் கோட்டில் வேலைக்குப் போனேன்,
கேரட் தோட்டத்து மண்வாசத்தோடு.

ஒருநாள் ராத்திரி பஞ்சில் லோஷன் தொட்டு
அவன்தான் வைத்துக்கொண்டிருந்தான்.
'எரியுதா?' என்றான்.
எரியவில்லை, கூசியது.
சின்ன வயசில் போலச் சிரித்து
சுவரோரம் நகர்ந்துவிட்டேன்.
லிஃப்டில் ஒருவர் மூக்கைத் திருப்பும்போது வருவதற்கும்
இதற்கும்
ஒரே பெயர் வைத்தவர் யாரோ.

மறுநாள் முக்கால்வாசி டப்பாவையும்
ஆஸ்பத்திரிச் சீட்டையும் மேஜையில் வைத்தேன்.
மேனேஜர் சீட்டை இரண்டு முறை படித்தார்.
நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை.
'சரி யோகேஸ்வரி, இனிமே நீங்க படியில போங்க' என்றார்.
பொதுவாக அல்ல.

மூன்று மாடி. கையில் பன்னிரண்டு விரிப்பு.
மேலே போய்ச் சேரும்போது
முதுகு, கழுத்து, கமக்கட்டு எல்லாம் வேர்த்திருந்தது.
நின்று பார்த்தேன்.
எரியவில்லை.